பாரம் இறங்கும் இடத்தில் விரல்கள்

கட்டட வேலையில் கை நசுங்கியவர்களிடம் "எப்படி ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கியாச்சு, கொண்டுவந்தாச்சு, வைக்கும்போதுதான் மாட்டிக்கிச்சு என்பார்கள். சுமையைத் தரையிலிருந்து எடுக்கும் நேரத்தில் எல்லோருடைய கவனமும் அதன் மேலேயே இருக்கிறது. கால் எங்கே, பிடி எங்கே என்று பார்த்துத்தான் தூக்குகிறோம். இருபதடி நடந்து சேரும்போது கை சோர்ந்துவிடும், இறக்கினால் போதும் என்று உடம்பு தவிக்கும். விரல்கள் இன்னமும் பாரத்துக்கு அடியில்தான் இருக்கின்றன, அடிப்பக்கமோ கண்ணுக்குத் தெரியாது. கடைசி ஓர் அங்குலம் மூடும் நேரத்தில் ஒருவர் அரை நொடி முந்திவிட்டாலும் எதிரில் பிடித்திருப்பவரின் விரல் உள்ளே போய்விடும்.

அதனால் இந்த அத்தியாயத்தின் முக்கியமான விதி தூக்குவதற்கு முன்பே தொடங்குகிறது. வைக்கும் இடம் தயாராகாமல் எதையும் தூக்கக் கூடாது. தயார் என்றால் தரையைக் கூட்டி வைப்பது மட்டுமல்ல. பாரம் வந்து உட்காரும் இடத்தில் இரண்டு ரீப்பர் கட்டைகள் முன்கூட்டியே கிடக்க வேண்டும். இரண்டு அங்குல உயரம் இருந்தால் போதும், கையுறை போட்ட விரல்கூடச் சிரமமில்லாமல் வெளியே வந்துவிடும். கட்டையின் மேல் பாரம் நின்ற பிறகு, கைகளை எடுத்துவிட்டு, கடப்பாரையால் ஒரு பக்கம் நெம்பிக் கட்டையை உருவிக்கொள்ளலாம். உருவும்போதும் கட்டையின் நுனியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், அடியில் கையை விட்டுத் துழாவக் கூடாது.

இதை மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே முதலில் வைத்திருக்கிறேன். பாரத்தைச் சுமப்பவர் கட்டை தேடிக்கொண்டு நிற்க முடியாது. அவர் தலையிலோ தோளிலோ எடை ஏறியிருக்கிறது. எங்கே வைக்க வேண்டும், யார் யார் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறவர்தான் கட்டையையும் போட்டுவைக்க வேண்டும். "பார்த்து வைங்கப்பா" என்று குரல் கொடுப்பது ஏற்பாடு ஆகாது.

எடை தெரிந்து கை வைப்பது

ஒரு பொருளைத் தூக்க முடிவது வேறு, அதை நிதானமாக இறக்க முடிவது வேறு. உடம்பின் முழு பலத்தையும் போட்டுத்தான் தூக்க முடிகிறது என்றால், அதை மெல்ல இறக்குவதற்குப் பலம் மிச்சமிருக்காது. கடைசியில் அது கையை விட்டு விழத்தான் செய்யும். விரல்களை உள்ளே கொக்கி போல மடக்கிப் பிடித்திருப்பதால், விழும் வேகத்துக்கு அவற்றை வெளியே எடுக்கவும் முடியாது. கை நசுங்குவதைப் பற்றிப் பேசும்போது எடையைப் பற்றிப் பேசவேண்டியிருப்பது இதனால்தான்.

தினமும் தொடும் பொருள்களின் எடை பலருக்கும் குத்துமதிப்பாகத்தான் தெரியும். சிமென்ட் மூட்டை 50 கிலோ என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது, அது மூட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆறு அங்குல சாலிட் பிளாக் ஒன்று ஏறத்தாழ 25 கிலோ. எட்டு அங்குல பிளாக் 30 கிலோவைத் தாண்டிவிடும். 20 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ வரும். எட்டடி நீளம், இரண்டடி அகலத்தில் சமையல் மேடைக்கு வரும் ஒரே பலகை 80 கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பிக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மீட்டர் நீளமுள்ள 16 எம்.எம். கம்பி ஒன்று 19 கிலோ, 25 எம்.எம். கம்பி 46 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து 25 எம்.எம். கம்பிகள் மூன்றைத் தோளில் ஏற்றினால் ஆளுக்கு ஏறத்தாழ 70 கிலோ.

இந்தியாவில் கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1998இல் வந்த மத்திய விதிகள், ஒருவர் கையாலோ தலையிலோ தோளிலோ சுமக்கக்கூடிய உச்ச எடையை ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று வைத்தன. இதன்படி பார்த்தால் சித்தாளின் தலையில் முழு சிமென்ட் மூட்டையை ஏற்றிவிடுவது விதிமீறல். அமெரிக்காவில் தொழில்சார் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கோ இன்னும் கண்டிப்பானது. சுமை உடம்போடு ஒட்டியிருந்து, பிடி நன்றாக அமைந்து, உடம்பு திரும்பாமல் இருந்தால்கூட 23 கிலோதான் உச்சம் என்கிறது அது. நம் சைட்டுகளில் நாளைக்கே 23 கிலோவைக் கொண்டுவந்துவிட முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் 55 என்பது பாதுகாப்பான எடை அல்ல, அதற்கு மேல் போகவே கூடாது என்ற எல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆள் ஒதுக்குங்கள். இரண்டு பேர் தூக்கக்கூடியதை மூன்று பேரிடம் கொடுத்தால் வேலை மெதுவாகும் என்று நினைக்கிறார்கள். இறக்கும் இடத்தில் அந்த மூன்றாவது ஆள் மிச்சப்படுத்துவது ஒருவருடைய கையை.

கல்லும் பலகையும்

கிரானைட் பலகை, படிக்கல், செப்டிக் டேங்க் மூடி, கிணற்று உறை இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணம் உண்டு. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் தரையைத் தொட்ட மறுகணம் இடைவெளியே இராது. சமையல் மேடையில் கிரானைட் வைக்கும்போது கீழே ஈரக் கலவை விரித்திருப்பார்கள். கட்டை வைத்தால் கலவை கலைந்துவிடும் என்று சொல்லி விரல்களாலேயே தாங்கி இறக்குவது வழக்கமாகிவிட்டது. இதற்கு வழி இருக்கிறது. பலகையின் பின்விளிம்பை முதலில் சுவரோரம் உட்காரவைத்து, முன்விளிம்பு மேடையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்தால் விரல்கள் மேடைக்கு வெளியே இருக்கும். பிறகு உள்ளே தள்ளலாம். கண்ணாடி வேலைக்காரர்கள் பயன்படுத்தும் உறிஞ்சு கைப்பிடி மெருகேற்றிய கிரானைட்டிலும் ஒட்டும். மேல்பரப்பைத் துடைத்து, ஈரமும் தூசும் இல்லாமல் ஒட்டி, எந்த எடை வரை தாங்கும் என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். அது இருந்தால் கை எப்போதும் பலகைக்கு மேலேயே இருக்கும்.

சுவரில் சாய்த்துவைத்த பலகைகளிடம் தனிக் கவனம் வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்த பத்துப் பலகைகளில் நான்காவதன் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். முன்னால் உள்ள மூன்றை ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் இடையில் கையை விடுவார். அந்த மூன்றும் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல். இதைச் செய்யாதீர்கள். முன்னால் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுக் காட்டுங்கள், வீட்டுக்காரர் கால்மணி நேரம் காத்திருக்கலாம்.

உறைகளை உருட்டும்போது விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ள வேண்டும், விரல்களை உள்விளிம்பில் மடக்கிப் பிடிக்கக் கூடாது. வாசல், தூண், இன்னொரு உறை என்று எது குறுக்கே வந்தாலும் மடக்கிய விரல்தான் முதலில் சிக்கும். தள்ளுவண்டியும் அப்படியே. வாசலில் வண்டி நுழைந்துவிடும், கைப்பிடியைப் பிடித்த விரல் முட்டிகள் நிலையில் உரசிக் கிழியும். வாசலை அளந்துவிட்டு வண்டி வாங்குங்கள்.

கம்பி

லாரியில் வரும் கம்பிக் கட்டுகள் பல நேரம் நடுவில் மடக்கி வருகின்றன. கட்டிய கம்பியை வெட்டியதும் அந்த மடிப்பு விரியப் பார்க்கும். வெட்டுகிறவர் மடிப்பின் திறந்த பக்கத்தில் நிற்கக் கூடாது. கட்டுக்கு அடியிலோ கம்பிகளுக்கு இடையிலோ யாருடைய கையும் இருக்கக் கூடாது. கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவும்போது மேலே கிடப்பவை சரிந்து அடுத்தவர் விரல்மேல் விழுவதும் அடிக்கடி நடப்பது. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் இந்த ஆபத்து இல்லை.

நீளக் கம்பியை இரண்டு பேர் சுமக்கும்போது இருவரும் ஒரே பக்கத் தோளில் வைக்க வேண்டும். இறக்கும்போது இருவரும் ஒரே திசையில் ஒதுங்க அதுதான் வசதி. முன்னவர் சொல்லாமல் போட்டுவிட்டால் 12 மீட்டர் கம்பியின் பின்நுனி துள்ளி அடிக்கும், பின்னவரின் கையில் பிடி இருந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் போகும். பின்னால் இருப்பவருக்கு இரண்டு நுனியும் தெரியும், ஆகவே போடும் உத்தரவை அவர்தான் கொடுக்க வேண்டும்.

கோடையில் இன்னொரு விஷயம். மதியம் வெயிலில் கிடந்த கம்பியை வெறுங்கையால் பிடித்தால் சுடுகிறது. சுட்டதும் கை தானாக விட்டுவிடும், விட்ட கம்பி அடுத்தவர் மேல் விழும். அக்னி நட்சத்திரக் காலத்தில் கம்பியை மூடிவைக்க ஒரு தார்ப்பாய் போதும்.

ஜாக்கி கழற்றும்போது

தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கியில் ஒரு குழாய்க்குள் இன்னொன்று இருக்கிறது. உள்குழாயை உயரத்துக்கு ஏற்ப இழுத்து, துளையில் பின்னைச் சொருகி, திருகு வளையத்தால் இறுக்குகிறோம். கழற்றும்போது பின்னை உருவியதும் உள்குழாய் சரேலென்று இறங்கும். வெளிக்குழாயின் வாயைச் சுற்றி ஒரு கை பிடித்திருந்தால், உள்குழாயின் தலைத்தகடு வந்து அந்தக் கையின் மேல் உட்காரும். கட்டைவிரல் துளைக்குள் இருந்தால் இன்னும் மோசம். இந்த விபத்து எல்லா நாடுகளிலும் நடந்ததால்தான், ஐரோப்பாவில் இந்த ஜாக்கிகளுக்கான 1065 எண் தரநிலை, முழுவதும் மூடிய நிலையிலும் தலைத்தகட்டுக்குக் கீழே 100 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும் என்று கேட்கிறது. ஒரு கை அகலம் நசுங்காமல் தப்பும் இடம் அது. வாடகைக்கு எடுக்கும் ஜாக்கியில் அந்த இடைவெளி இருக்கிறதா என்று ஒன்றை முழுவதும் மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லாத ஜாக்கிகளைத் திருப்பி அனுப்புங்கள்.

பின்னுக்குப் பதிலாக வெட்டிய கம்பித் துண்டைச் சொருகுவது நம் ஊரில் மிகவும் பரவலாக இருக்கிறது. அது வளையும், வளைந்தால் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டும், அடிக்கும்போது இன்னொரு கை பிடித்துக்கொண்டிருக்கும். ஜாக்கிக்கு உரிய பின் சங்கிலியோடு சேர்ந்தே வர வேண்டும். கழற்றும் முறை இது: பாரம் விலகும்வரை வளையத்தைத் திருப்பித் தளர்த்துங்கள், வெளிக்குழாயின் நடுப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள், உள்குழாயை இன்னொருவர் உயரத்தில் பிடித்துத் தாங்கிய பிறகே பின்னை எடுங்கள். துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பதை யார் செய்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

குரல்

நான்கு பேர் பிடிக்கும் பாரத்துக்கு ஒரே குரல்தான் இருக்க வேண்டும். யார் குரல் என்பதைத் தூக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும், அந்த ஆள் பாரத்தைப் பிடிக்காமல் வெளியே நின்று எல்லோருடைய கைகளையும் பார்ப்பவராக இருப்பது நல்லது. 'விடு', 'விடாதே' என்ற இரண்டையும் சைட்டில் யாரும் பயன்படுத்தக் கூடாது. மிக்சர் ஓடும் இரைச்சலில் பின்பாதி காதில் விழாது. 'இறக்கு', 'நில்லு' போல ஒன்றோடொன்று குழம்பாத சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பல சைட்டுகளில் பாதிப் பேருக்கு மேல் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தமிழ்ச் சொல்லா இந்திச் சொல்லா என்பது முக்கியமல்ல, காலையில் எல்லோரும் சேர்ந்து நான்கு சொற்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். 'நில்லு' என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சித்தாள் சொன்னாலும் மேஸ்திரி நிற்க வேண்டும்.

கிரேன் தூக்கும் பாரத்தைக் கையால் பிடித்துத் திருப்பக் கூடாது, அதற்குக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். சங்கிலி இறுகும்போது பாரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் விரல் வைத்து 'சரியாக உட்காருகிறதா' என்று பார்ப்பது ஒரு கெட்ட பழக்கம், அனுபவசாலிகளிடம்தான் அது அதிகம்.

கையுறை செய்வதும் செய்யாததும்

கையுறை தோல் கிழிவதையும், கம்பியின் பிசிறு குத்துவதையும், சிமென்ட் அரிப்பதையும் தடுக்கும். ஈரச் சிமென்ட்டின் காரத்தன்மை (pH அளவு) 12க்கு மேல், தோலைப் புண்ணாக்க அதுவே போதும். புண்ணான கையால் இறுக்கிப் பிடிக்க முடியாது என்பதால் கையுறைக்கு இங்கே நேரடியான பயன் உண்டு. ஆனால் 80 கிலோ பலகை விழும்போது எந்தத் துணிக் கையுறையும் எலும்பைக் காப்பாற்றாது. கையுறை கொடுத்துவிட்டோம் என்று கட்டையும் ஆளும் கொடுக்காமல் இருப்பது மிகத் தவறு.

கல்லுக்கும் கம்பிக்கும் தோல் கையுறை. ஈரக் கலவைக்கு நீர் புகாத ரப்பர் அல்லது நைட்ரைல் வகை. வெள்ளைப் பருத்திக் கையுறை கனமான வேலைக்கு உதவாது. அளவு முக்கியம், பெண்களின் கைக்குப் பொருந்தும் சிறிய அளவையும் கேட்டு வாங்குங்கள். விரல் நுனியில் அரை அங்குலம் காலியாகத் தொங்கினால் அந்தத் துணி முதலில் மாட்டி, கையையும் உள்ளே இழுக்கும். சுழலும் இயந்திரம் எதன் அருகிலும், அதாவது கம்பி வளைக்கும் மெஷின், டிரில், வின்ச் ஆகியவற்றின் பக்கத்தில், கையுறையைக் கழற்றிவிட வேண்டும். மோதிரம் வேலை நேரத்தில் கையில் இருக்கவே கூடாது. அது லாரியின் கொக்கியில் மாட்டி ஆள் கீழே குதித்தால், விரலின் தோலையும் சதையையும் உறைபோல உரித்துவிடும். கல்யாண மோதிரமானாலும் வீட்டில் இருக்கட்டும்.

நசுங்கிவிட்டால்

கை மாட்டியவர் பதறி இழுப்பார், அதைத் தடுங்கள். பாரத்தை நெம்பித் தூக்கிய பிறகே கையை எடுக்க வேண்டும். உடனே மோதிரம், கயிறு, வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள், சிறிது நேரத்தில் வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அவற்றைக் கழுவி எடுக்கவே மருத்துவருக்குப் பாதி நேரம் போய்விடும். கட்டுக்கம்பியாலோ சணலாலோ மணிக்கட்டை இறுக்கிக் கட்டாதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டால் தேடி எடுங்கள். நசுங்கிப்போயிருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள், அதிலிருந்து தோல்கூடப் பயன்படலாம், முடிவு மருத்துவருடையது. சுத்தமான துணியை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, பட்டால் திசு உறைந்து செத்துவிடும். கொஞ்சம் தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் வெட்டி எடுக்காதீர்கள். நடந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தமே வராத நசுங்கலையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி நேரம் ஆக ஆக ஏறினால், விரல் வெளுத்தோ மரத்தோ போனால், மடங்கிய விரலை இன்னொருவர் நீட்டும்போது உயிர் போகிறாற்போல வலித்தால், உள்ளே அழுத்தம் கூடுகிறது என்று பொருள். அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108க்கு அழைக்கும்போதே கை அறுவைச் சிகிச்சை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி உள்ள இடம் வேண்டும் என்று சொல்லுங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கைச் சிகிச்சைத் துறை இருக்கிறது, கோவையில் கங்கா மருத்துவமனை இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. உங்கள் சைட்டுக்கு அருகில் எது என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே விசாரித்துச் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

காயத்துக்குப் பிறகு

மருத்துவமனைப் பதிவேட்டில் "வேலை செய்யும் இடத்தில் நடந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி வற்புறுத்தும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு, அப்படிச் சொன்னால் இழப்பீட்டுக்கான வழியே அடைபட்டுவிடும். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று கணக்கிட்டது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. கட்டைவிரலைத் தவிர்த்த நான்கும் போனால் 50. ஒரு கொத்தனாரின் கையில் இந்த எண்கள் சொல்வதைவிட இழப்பு பெரிதுதான், ஆனாலும் எழுத்தில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு ஆளிடமும் வேலைக்குச் சேரும்போதே பார்த்துவிடுங்கள்.

கட்டுப் பிரித்ததும் வேலைக்கு வந்துவிடுகிறார்கள், கூலி நின்றுபோன வீட்டில் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் கட்டுக்குள் இருந்த விரல் இறுகியிருக்கும். மருத்துவர் சொல்லிக்கொடுத்த மடக்கி நீட்டும் பயிற்சியை ஒரு நாளில் பல தடவை செய்தால்தான் பிடி திரும்பும், அதற்கு வேலை நேரத்திலேயே இடம் கொடுங்கள். நுனி மரத்த விரலுக்குச் சூடும் தெரியாது, இடுக்கில் இருப்பதும் தெரியாது. அப்படிப்பட்டவரை ஜாக்கி கழற்றவோ கல் தூக்கவோ அனுப்பாதீர்கள். தண்ணீர் ஊற்றும் வேலை, ஸ்டோர் கணக்கு, பாரம் இறங்கும் இடத்தில் வெளியே நின்று குரல் கொடுக்கும் வேலை இவற்றில் ஒன்றைக் கொடுங்கள், கூலியைக் குறைக்காமல்.